ஊர்ப்பாதைக்கு எந்த வண்டி: பிரெஸ்ஸாவா, நெக்ஸானா?

கிராமத்தில் குடியிருந்து நாள்தோறும் வண்டி ஓட்டும் வாசகர்கள் பலர் ஒரே சமயத்தில் இந்த இரண்டு வண்டிகளைப் பற்றியே கேட்டிருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஒட்டன்சத்திரம் அருகிலிருந்து ஒரு விவசாயி: வணக்கம் ஐயா. முருங்கையும் மக்காச்சோளமும் பயிரிடுகிறேன். விடியற்காலையில் நான் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பியதும், பள்ளி ஆசிரியையான என் மனைவி அதே வண்டியில் 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்வார். எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும். எங்களுடையது தோட்டத்து வீடு. கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. டிராக்டர் போய்ப் போய்ச் சக்கரத் தடம் பள்ளமாகவும் நடுப்பகுதி மேடாகவும் ஆகிவிட்டது. முழங்கால் வலியுள்ள அம்மாவை மாதம் ஒருமுறை மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். வருடத்தில் நான்கைந்து முறை பாச்சலூருக்கு உறவினர் வீட்டுக்கு மலையேறுவோம். தரையிடைவெளி 208 மில்லிமீட்டர், பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் என்று மகன் டாட்டா நெக்ஸானைச் சொல்கிறான். மாருதி பிரெஸ்ஸாவை எடுத்தால் பழுது பார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை என்கிறார் என் மைத்துனர். நெக்ஸான் என்றால் டீசல் எடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: மகன் சொல்லும் 208-லிருந்தே தொடங்குவோம். நெக்ஸானுக்கு 208 மில்லிமீட்டர், பிரெஸ்ஸாவுக்கு 198 மில்லிமீட்டர் என்பது விளம்பரக் கணக்கு. இடையிலுள்ள பத்து மில்லிமீட்டர் உங்கள் சுண்டுவிரலின் தடிமன்கூட இல்லை. ஐந்து பேர் ஏறி உட்கார்ந்து, டிக்கியில் இரண்டு மூட்டைகளை வைத்தால் எந்த வண்டியும் அதைவிட அதிகமாகத் தாழ்ந்துவிடும். குறுக்கே வரும் மேட்டைத் தாண்டும்போது வண்டியின் வயிறு இடிக்குமா என்பதை, தரையிடைவெளியோடு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அந்தத் தூரம் பிரெஸ்ஸாவில் 2,500 மில்லிமீட்டர், நெக்ஸானில் 2,498. ஆகவே உங்கள் பாதையின் நடுமேடோ குறுக்குமேடோ ஒன்றை இடிக்குமானால், பெரும்பாலும் மற்றதையும் இடிக்கும்.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். மழை ஓய்ந்த மறுநாள் நண்பரின் தோட்டத்துக்குப் போனபோது, புறப்படுமுன் அளவு நாடாவை வைத்து வண்டியின் அடியையெல்லாம் அளந்துகொண்டு போன பெருமை எனக்கு உண்டு. நடுமேட்டில் கோரைப்புல் முழங்காலளவு வளர்ந்திருந்தது. அதற்குள் ஒரு கல் மறைந்திருந்தது. சரக்கென்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் என்ஜினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டு பாதி கிழிந்து, நாக்கைத் தொங்கவிட்டது போல மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. நண்பர் வீட்டுக் கொடிக்கயிற்றால் அதைக் கட்டிக்கொண்டுதான் ஊர் திரும்பினேன். இப்படிப்பட்ட பாதையில் தடத்துக்குள் சக்கரத்தை இறக்காமல், ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டின் மீதும் மறுபக்கச் சக்கரத்தை ஓரத்து வரப்பை ஒட்டியும் ஓட்டுவதே முறை. உங்கள் ஊர் வேன் ஓட்டுநர்கள் அனைவரும் அப்படித்தான் ஓட்டுவார்கள். மழைக்காலம் வருமுன் இரண்டு டிராக்டர் கிராவலைக் கொட்டித் தடத்தை நிரப்பிவிட்டால், இரண்டு வண்டிகளுக்கும் இடையிலுள்ள அந்தப் பத்து மில்லிமீட்டரைப் பற்றி நீங்கள் மறந்தே போகலாம்.

மண்பாதையில் உண்மையாகவே வேறுபாடு தெரியும் இடம் என்ஜின். பிரெஸ்ஸாவில் இருப்பது டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். 103 குதிரைத்திறன், 137 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவான இழுவிசை. நெக்ஸானின் பெட்ரோல் என்ஜின் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ. 120 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் நெக்ஸான் மேல். ஆனால் அதன் இழுவை டர்போ சுழலத் தொடங்கிய பிறகே, அதாவது நிமிடத்துக்கு 1,750 சுற்றுகளுக்கு மேல்தான், கைக்கு வருகிறது. இரண்டாம் கியரில் நடைவேகத்தில் பள்ளம் பார்த்து உருட்டிப் போகும்போது, நெக்ஸானில் கிளட்சை அடிக்கடி அழுத்த வேண்டியிருக்கும். பிரெஸ்ஸாவோ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாலும் குலுங்காமல், அதிராமல் ஊர்ந்துகொண்டே வரும். விடியற்காலை இருட்டில் ஒருவரும் பள்ளி நேர அவசரத்தில் ஒருவரும் ஓட்டப்போகும் வண்டிக்கு இந்த அமைதி பெரிய விஷயம்.

பாச்சலூர் மலைச்சாலையில் நிலைமை தலைகீழாகும். வடகாட்டைத் தாண்டிக் கொண்டையூசி வளைவுகளில் ஐந்து பேரோடு ஏறும்போது, பிரெஸ்ஸாவை இரண்டாம் கியரிலேயே வைத்து என்ஜினைக் கத்தவிட வேண்டியிருக்கும். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைவதும் டர்போ இல்லாத என்ஜினைத்தான் அதிகம் பாதிக்கும். நெக்ஸான் அதே வளைவுகளைச் சிரமமின்றி மூன்றாம் கியரில் கடக்கும். ஆனால் நீங்கள் மலையேறுவது வருடத்தில் ஐந்து நாள். மண்பாதையில் போவது முந்நூற்றறுபது நாள்.

டீசல் உங்களுக்கு வேண்டாம். நெக்ஸானின் 1.5 லிட்டர் டீசல் என்ஜின் நல்ல என்ஜின். 260 நியூட்டன் மீட்டர் இழுவிசை இந்த அளவு வண்டியில் தாராளம். ஆனால் பிஎஸ்-6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகள் எல்லாவற்றிலும் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி உண்டு. மெக்கானிக்குகள் அதை டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை வண்டி தானாகவே எரித்துத் தள்ள வேண்டுமானால், என்ஜின் நன்றாகச் சூடேறி, சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். மார்க்கெட்டுக்கு ஒரு நடை, பள்ளிக்கு ஒரு நடை என்று சூடேறுமுன் அணைத்துவிடும் ஓட்டத்தில் அந்த வேலை பாதியிலேயே நின்று, கரி அடைத்து, கடைசியில் டேஷ்போர்டில் விளக்கு எரியும். செலவுக் கணக்கும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, பெட்ரோலில் லிட்டருக்கு 15, டீசலில் 18 கிலோமீட்டர் கிடைப்பதாகப் போட்டுப் பார்த்தால், இன்றைய விலையில் மிச்சமாவது வருடத்துக்கு இருபதாயிரத்துக்குள்தான். அதே வகைக்கு டீசல் வண்டி சுமார் ஒரு லட்சம் கூடுதல். போட்டதை எடுக்க ஐந்து வருடத்துக்கு மேலாகும்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வண்டி வாங்கும்போது வீட்டில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், வாங்கிய பிறகு மிக அதிகமாகப் பேசப்படுவதும் இதுதான். முழங்கால் வலி உள்ளவர் ஒரு காலை உள்ளே வைத்து மற்றொரு காலை ஊன்றி ஏற மாட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு முதலில் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைப்பார். அப்படி உட்காரும்போது இருக்கை அவருடைய இடுப்பளவில் இருக்க வேண்டும். மேற்கூரை தலையில் தட்டக் கூடாது. பிரெஸ்ஸாவின் உயரம் 1,685 மில்லிமீட்டர், நெக்ஸானின் உயரம் 1,620. மேலே கிடைக்கும் இந்த 65 மில்லிமீட்டர், கீழே கிடைக்கும் அந்தப் பத்து மில்லிமீட்டரைவிட உங்கள் வீட்டுக்கு அதிகம் பயன்படும். நெக்ஸானின் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவதையும் கவனியுங்கள். ஷோரூமுக்கு அம்மாவையும் அழைத்துப் போய், இரண்டிலும் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

பாதுகாப்பில் மகனுடைய கட்சிதான் பலமானது. அதை மறைக்க முடியாது. 2018-ல் குளோபல் என்சிஏபி மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்திய வண்டி நெக்ஸான். விதிகள் கடுமையாக்கப்பட்ட பிறகு 2024-லும் அதே ஐந்தைப் பெற்றது. பிரெஸ்ஸாவின் முந்தைய தலைமுறை வண்டி 2018-ல் நான்கு நட்சத்திரம் பெற்றது. அந்த நான்கை 2022-ல் வந்த புதிய தலைமுறை வண்டிக்கு ஏற்றிச் சொல்வது முறையாகாது. உங்கள் திண்டுக்கல்–பழனி சாலையில் தைப்பூசத்தையொட்டி இரவு முழுவதும் பாதயாத்திரைக் கூட்டம் நடந்துபோகும். மற்ற நாள்களில் பின்விளக்கு இல்லாத டிராக்டரும், தார்ச்சாலையில் காயப்போட்ட மக்காச்சோளமும், அதன் ஓரத்தில் காவலுக்கு வைத்த கருங்கல்லும் இருக்கும். அங்கே நட்சத்திரத்துக்கு முன்னால் உதவுவது நல்ல முகப்பு விளக்கும் குறைந்த வேகமும். ஆனாலும் மோதல் என்று ஒன்று நேர்ந்துவிட்டால், நிரூபிக்கப்பட்ட கூண்டுள்ள வண்டியில் இருப்பதே மேல். மதுரைப் பயணம் மாதத்துக்கு ஒன்றாக இல்லாமல் வாரத்துக்கு இரண்டாக இருந்திருந்தால் என் தீர்ப்பு மகன் பக்கம் சாய்ந்திருக்கும்.

விலை விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வண்டிகளுக்கும் நீளம் 3,995 மில்லிமீட்டர்தான். நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1,200 சிசிக்குள் அல்லது டீசலில் 1,500 சிசிக்குள் என்ஜினும் இருந்தால் அது சிறிய கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நெக்ஸான் இந்த வரம்புக்குள் அடங்கும். பிரெஸ்ஸாவின் பெட்ரோல் என்ஜின் 1,462 சிசி என்பதால் அதற்கு 40 சதவீதம். விலைப்பட்டியலில் நெக்ஸான் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு மேல் நம் மாநில ஆயுட்கால வரி இருக்கிறது. 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதப்படி, விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் இருந்தால் 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால், 20 லட்சம் வரை, முழு விலைக்கும் 18 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10,20,000 ரூபாய் வண்டிக்கு 1,83,600. முப்பதாயிரம் ரூபாய்க்குக் கூரைக் கண்ணாடியோ பெரிய திரையோ கிடைக்கிறதே என்று அடுத்த வகைக்குத் தாவினால், கூடவே ஐம்பத்தைந்தாயிரம் வரியும் போகும். எந்த வண்டியானாலும் பத்து லட்சக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு, மேனுவல் கியருள்ள பெட்ரோல் பிரெஸ்ஸா. பின்னிருக்கையில் அம்மா உள்பட அனைவரும் பெல்ட் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. முருங்கைக் கட்டுகளை டிக்கியில் ஏற்றும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அதற்குக் குட்டியானை இருக்கிறது. பிரெஸ்ஸாவின் டிக்கி 328 லிட்டர், நெக்ஸானுடையது 382 லிட்டர் என்ற வேறுபாடெல்லாம் துணிப்பைக்கும் மருந்துப்பைக்கும்தான் பொருந்தும். வரப்போரம் சீமைக்கருவேலம் இருந்தால், பஞ்சர் ஒட்டும் கருவியும் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் காற்றடிப்பானும் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

பென்னாகரம் பகுதியிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர்: கிராமம் கிராமமாகப் போவதால் நாள்தோறும் 100 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. பாதி தார்ச்சாலை, மீதி மேடு பள்ளம்; இரவிலும் அழைப்பு வரும். பிரெஸ்ஸா, நெக்ஸான் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். மனம் இன்னும் ஊசலாடுகிறது.

பதில்: ஊசலாட வேண்டாம் டாக்டர், நெக்ஸான் டீசல், ஆறு கியர் மேனுவல். மேலே உள்ள விவசாயிக்கு டீசல் வேண்டாம் என்று சொன்ன அதே காரணங்கள் உங்களுக்கு அப்படியே திருப்பிப் பொருந்தும். தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இடையே ஒருமுறை தொடர்ந்து ஓட்டினாலே கரி வடிகட்டி தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும். வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர் என்றால், மேலே போட்ட அதே கணக்கில் எரிபொருளில் மட்டும் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் மிச்சமாகும். கூடுதலாகக் கொடுத்த விலை இரண்டேகால் வருடத்தில் திரும்பிவிடும். பிரெஸ்ஸாவில் புதிய டீசல் கேட்பதற்கே வழியில்லை; 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோதே மாருதி டீசலைக் கைவிட்டுவிட்டது. ஒகேனக்கல் பக்கம் இறங்கி ஏறும் சரிவுகளில் 1,500 சுற்றிலேயே கிடைக்கும் 260 நியூட்டன் மீட்டர் இழுவை உங்கள் கிளட்சின் ஆயுளைக் கூட்டும். தினமும் இரவுச் சாலையில் இருப்பவருக்கு அந்த ஐந்து நட்சத்திரமும் வெறும் அலங்காரமாக இருக்காது.

ஒன்றை மட்டும் பாருங்கள். இப்போதைய ஓட்டத்தில் மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை சர்வீஸ் வந்துவிடும். ஆகவே வண்டிக்கு முன்பதிவு செய்யுமுன் அருகிலுள்ள சர்வீஸ் நிலையத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் போய், எத்தனை வண்டிகள் வாசலில் காத்துக்கிடக்கின்றன, காலையில் விட்டால் மாலையில் தருவார்களா என்று அங்கே நிற்கும் உரிமையாளர்களிடம் கேளுங்கள். எனக்கு ஒருமுறை பிரேக் தகடு மாற்ற வண்டியை விட்டு மூன்று நாள் பேருந்தில் அலைந்த அனுபவம் உண்டு; உங்கள் தொழிலில் அது மூன்று மாடுகளின் உயிராக இருக்கலாம்.

மாடுகளுக்குச் சினையூட்டும் உறைவிந்துக் குச்சிகளுக்கான திரவ நைட்ரஜன் கொள்கலனை டிக்கியில் எடுத்துச் செல்வீர்கள் என்று நினைக்கிறேன். நெக்ஸானின் டிக்கி ஆழமானது. ஆனால் இரண்டு வண்டிகளிலும் டிக்கி தனி அறை அல்ல, பயணிகள் இடத்தோடு காற்றோட்டமாகச் சேர்ந்தது. ஆவியாகும் நைட்ரஜன் மூடிய வண்டிக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். கொள்கலன் சாயாதபடி கட்டிவைப்பதோடு, ஏசி போட்டாலும் ஒரு கண்ணாடியை விரற்கடை அளவு இறக்கி வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானைத் தொட வேண்டாம்.

மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்: ஆற்றங்கரைச் சாலைகளில்தான் எங்கள் போக்குவரத்து. சிஎன்ஜி பிரெஸ்ஸா, சிஎன்ஜி நெக்ஸான் இவற்றில் எது? மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவும்.

பதில்: முதலில் வீட்டிலிருந்து சிஎன்ஜி பங்க் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். போகவர இருபது கிலோமீட்டரைத் தாண்டினால், அங்கே வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது லாபம் கரைந்துவிடும். பங்க் வழியில் இருக்கிறது என்றால் சிஎன்ஜி நல்ல முடிவு. கிலோவுக்கு 25.51 கிலோமீட்டர் என்று மாருதி சொல்லும் கணக்கில் ஐந்தைக் கழித்துக்கொண்டாலும் பெட்ரோலைவிட மலிவு.

இரண்டில் நான் நெக்ஸானைச் சொல்வேன். பிரெஸ்ஸாவில் ஒரே பெரிய சிலிண்டர் டிக்கியை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொள்கிறது. சிஎன்ஜியில் ஓடும்போது அதன் திறனும் 103-லிருந்து 88 குதிரைத்திறனாகக் குறைகிறது. 2024-ல் வந்த சிஎன்ஜி நெக்ஸானில் இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கடியில் படுக்க வைத்திருப்பதால் 321 லிட்டர் டிக்கி மிஞ்சுகிறது. டர்போவும் இருப்பதால் இழுவை குறைந்ததாகத் தோன்றாது. எதை வாங்கினாலும் சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்து சான்று பெற வேண்டும் என்பதை நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

ஆற்றங்கரைச் சாலையில் எதிரே வைக்கோல் ஏற்றிய வண்டி வந்தால் ஓரம் ஒதுங்குவதுதான் உங்கள் அன்றாடத் தலைவலி. நெக்ஸான் 1,804 மில்லிமீட்டர் அகலம், பிரெஸ்ஸா 1,790. இந்த வேறுபாடு ஒன்றுமில்லை. ஆனால் பிரெஸ்ஸாவின் பானட் பெட்டிபோல நிமிர்ந்திருப்பதால், இருக்கையிலிருந்தே இரண்டு முனைகளும் கண்ணுக்குத் தெரியும். சக்கரம் கரையின் விளிம்பில் எங்கே நிற்கிறது என்று ஊகிப்பது சுலபம். உங்களுக்கு ஓட்டிப் பழக்கம் குறைவு என்றால் இதற்காகவே பிரெஸ்ஸாவை எடுக்கலாம், தவறில்லை.

தண்ணீரைப் பொறுத்தவரை எஸ்யூவி என்ற பெயரை நம்பி இறங்காதீர்கள். இவை உயரமான கார்கள், அவ்வளவுதான். ஓடும் தண்ணீர் சக்கரத்தின் நடுவைத் தொடுகிறது என்றால் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். தேங்கிய தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. என்ஜின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனோடு இணைந்த தண்டு வளைந்துவிடும். பிறகு செலவு லட்சத்தில் போகும். இறங்கித் தள்ளிக் கரையேற்றி, இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள்.

நத்தத்திலிருந்து ஒரு வாசகி: கிளட்ச் மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது. இந்த இரண்டில் ஆட்டோமேட்டிக் எடுத்தால் எங்கள் ஊர்ப்பாதைக்குத் தாங்குமா?

பதில்: பிரெஸ்ஸாவின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பழைய, நம்பகமான டார்க் கன்வெர்ட்டர் முறையைச் சேர்ந்தது, ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்தாலும் அதற்கு வலிக்காது. நெக்ஸானின் ஏஎம்டி என்பது மேனுவல் கியரிலேயே கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் இயந்திரம் செய்யும் ஏற்பாடு. மேட்டுப்பாதையில் அரை கிளட்சிலேயே நெடுநேரம் நின்றால் சூடேறும். நெக்ஸானின் மற்றொரு ஆட்டோமேட்டிக்கான ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் வகை சாலையில் அருமையாக ஓடும், ஆனால் ஊர்ந்து போவது அதற்கும் பிடித்த வேலை அல்ல. உங்களுக்கு பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக். விலை பத்து லட்சக் கோட்டைத் தாண்டிவிடும் என்பதால் வரியைச் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: புதிய நெக்ஸானின் அடிப்படை வகை வாங்கும் பணத்துக்குக் குறைவாக, 2018-ஆம் ஆண்டு டீசல் விட்டாரா பிரெஸ்ஸா ஒன்று வருகிறது. 80,000 கிலோமீட்டர் ஓடியது என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: நல்ல வண்டியாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். அதிலுள்ள 1.3 லிட்டர் டீசல் என்ஜின் ஃபியட் வடிவமைத்தது. ஸ்விஃப்டிலும் டிசையரிலும், ஒரு காலத்தில் டாட்டாவின் விஸ்டாவிலும்கூட அதுவே இருந்தது. ஆகவே கோவில்பட்டியிலோ இராஜபாளையத்திலோ அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத டீசல் மெக்கானிக்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிஎஸ்-4 காலத்து வண்டி என்பதால் கரி வடிகட்டித் தொல்லையும் இல்லை. 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். ஊருக்கு இது போதும்.

ஆனால் 80,000 என்பதை விற்பவர் சொன்னார் என்று நம்பாதீர்கள். மாருதி சர்வீஸ் நிலையத்தில் பதிவெண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் ஓடியிருந்த கிலோமீட்டர் தெரிந்துவிடும். பிறகு கிளட்ச் மிதியிலும் ஸ்டியரிங்கிலும் தேய்மானத்தைப் பாருங்கள். மிதியின் ரப்பர் வழவழவென்று இருந்தால் வண்டி லட்சத்தைத் தாண்டியிருக்கும். காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, நீங்கள் போய்ச் சேருமுன் ஸ்டார்ட் செய்துவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தில் தெரிவது சூடான என்ஜினில் தெரியாது. மேட்டில் மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லையானால் கிளட்ச் முடிந்துவிட்டது.

கடைசியாக, வண்டியை ஒரு வாட்டர் சர்வீஸ் நிலையத்துக்கு ஓட்டிப் போய் லிஃப்டில் ஏற்றிக் கீழே நின்று பாருங்கள். கரிசல் மண் பாதையில் ஓடிய வண்டியில், சக்கர வளைவுக்குள் அப்பிய களிமண் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவேற்றியிருக்கும். சேஸிஸ் ஓரத்தில் புதிதாகக் கருப்பு பெயிண்ட் அடித்திருந்தால் விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். என்ஜின் அறையில் வயர்களின் மேல் கருப்பு டேப் சுற்றியிருந்தால் எலி கடித்த வரலாறு உண்டு என்று பொருள்; அது ஒன்றும் பெரிய குற்றமில்லை, எங்கள் வீட்டு வண்டியிலும் இருக்கிறது. பதிவுச் சான்று 2033 வரை செல்லும் என்பதையும், வங்கிக் கடன் நிலுவை நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கிளட்ச் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். அதற்கு விற்பவர் இசையாவிட்டால், அந்த அடிப்படை வகை நெக்ஸானுக்கே போய்விடலாம்.